லேசர் போட்ட இம்ப்ளான்ட்ல செல் எப்படி ஒட்டுது: டைட்டானியம் டிஸ்க்ல ஆரம்பிச்சு எலும்பு வரைக்கும் முழு வழிகாட்டி

எங்க ஊர்ல முன்னாடி "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல்லு கொத்தலையோ"ன்னு கூவிக்கிட்டு ஒருத்தர் வருவாரு. அம்மி வழவழன்னு தேஞ்சுபோனா மிளகா நிக்காம வழுக்கும், அவரு உளியால பொட்டு பொட்டா கொத்திட்டுப் போனா மறுபடி நல்லா அரைபடும். இம்ப்ளான்ட்டுக்கு எதுக்கு லேசர்னு யாராவது கேட்டா நான் இந்தக் கதையத்தான் சொல்லுவேன், சொன்ன கையோட இன்னொண்ணும் சேத்துச் சொல்லிடுவேன், செல்லு மிளகா கிடையாது. சொரசொரன்னு இருந்தா போதும் அதுவா பிடிச்சுக்கும்னு நெனச்சு வேலைய ஆரம்பிச்சா ஆறு மாசம் வீணாப்போகும். எனக்குப் போச்சு, அதனாலதான் இத எழுதுறேன்.

இது பயோமெட்டீரியல் ப்ராஜெக்ட் எடுத்திருக்கிற எம்.டெக் பசங்க, பிஎச்டி முதல் வருஷத்துல இருக்கிறவங்க, எம்டிஎஸ் படிக்கிறவங்க இவங்கள மனசுல வெச்சு எழுதினது. லேசர் தெரிஞ்சவங்களுக்கு செல்லு தெரியாது, செல்லு தெரிஞ்சவங்களுக்கு லேசர் தெரியாது, ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் சொல்றேன்.

முதல்ல, டைட்டானியம் ஏன்

சுருக்கமா போயிடுவோம். 1950-கள்ல ஸ்வீடன்ல பெர்-இங்வார் ப்ரோனமார்க் முயல் எலும்புல ரத்த ஓட்டத்தப் பாக்க டைட்டானியம் சேம்பர் வெச்சாரு, வேலை முடிஞ்சு கழட்டலாம்னு பாத்தா எலும்பு அதோட ஒட்டிக்கிச்சு, வரல. அத அப்படியே தூக்கிப் போடாம யோசிச்சு 1965-ல முதல் நோயாளிக்கு பல் இம்ப்ளான்ட் வெச்சாரு, எலும்பு நேரா உலோகத்தோட சேர்றதுக்கு ஆசியோஇன்டெக்ரேஷன்னு பேரும் வெச்சாரு. அப்போ போட்டதெல்லாம் வெறும் லேத்ல கடைஞ்ச மேற்பரப்பு. கீழ்த்தாடைக்கு 3 மாசம், மேல்தாடைக்கு 6 மாசம் ஆறவிட்டுத்தான் மேல பல்லு மாட்டுவாங்க. அந்தக் காத்திருப்பக் குறைக்கத்தான் மணல் அடிக்கிறது, ஆசிட்ல ஊறப்போடுறது, அனோடைஸ் பண்றது எல்லாம் வந்துச்சு, அந்த வரிசையில கடைசியா வந்தது லேசர்.

ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, செல்லு எந்தக் காலத்துலயும் டைட்டானியத்தத் தொடுறதே இல்ல. காத்து பட்ட உடனே அது மேல சில நானோமீட்டர் தடிமன்ல ஒரு ஆக்ஸைடு தோல் வந்துடும், அதுக்கு மேல தண்ணி, தண்ணிக்கு மேல புரோட்டீன், அதுக்கும் மேலதான் செல்லு. லேசர் இந்த அடுக்கு எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்துது, மேடுபள்ளத்த மட்டும் மாத்தல.

ஸ்டெப் 1: லேசர ஆன் பண்றதுக்கு முன்னாடி, எந்த செல்லுன்னு முடிவு பண்ணுங்க

பெரும்பாலான ப்ராஜெக்ட் தலைகீழா ஆரம்பிக்குது. லேப்ல ஒரு மார்க்கிங் லேசர் சும்மா கிடக்கும், அதுல என்ன பேட்டர்ன் வருதோ அதப் போட்டுட்டு அப்புறமா "இதுல எந்த செல்லு வளத்துப் பாக்கலாம்"னு யோசிப்பாங்க. அப்படி வேணாம்.

ஒரு பல் இம்ப்ளான்ட்டயே எடுத்துக்கோங்க. கீழ இருக்கிற மரை எலும்புக்குள்ள இருக்கு, அங்க உங்களுக்கு வேண்டியது ஆஸ்டியோபிளாஸ்ட்டும் (எலும்பு கட்டுற செல்லு) அதுக்கு முந்தின ஸ்டெம் செல்லும். மேல ஈறு தொடுற கழுத்துல வேண்டியது ஃபைப்ரோபிளாஸ்ட், அதாவது நார் நெய்யிற செல்லு. அதே கழுத்துல எபிதீலியல் செல்லு (ஈறோட மேல்தோல் செல்லு) மேல இருந்து கீழ வழிஞ்சு இறங்கப் பாக்கும், அது இறங்கினா எலும்பும் பின்னாடியே இறங்கும், அதனால அத அங்கயே நிறுத்தணும். இதுக்கு நடுவுல பாக்டீரியா வேற. ஒரே குச்சி, நாலு விருந்தாளி, அதுல ரெண்டு பேரு அழையாத விருந்தாளி.

ஈறு விஷயம் ஏன் பெருசுன்னா, இயற்கைப் பல்லுல கொலாஜன் நார் பல்வேருக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி நேரா குத்தி நிக்கும், ஷார்ப்பி நார்னு சொல்லுவாங்க. சாதாரண இம்ப்ளான்ட் கழுத்துல அதே நார் பக்கவாட்டுல வளையம் மாதிரி சுத்திக்கிட்டு ஓடும், பிடிப்பு கிடையாது. இதுக்காகத்தான் லேசர்-லாக்னு ஒரு மேற்பரப்பு வந்துச்சு, பயோஹொரைசன்ஸ் கம்பெனி விக்கிறது, நியூயார்க் யுனிவர்சிட்டியில ஜான் ரிச்சி செஞ்ச ஆராய்ச்சியில இருந்து வந்தது. கழுத்துல 8 மைக்ரான், 12 மைக்ரான் அகலத்துல சால் சாலா லேசர் கோடு. 2008-ல மைரன் நெவின்ஸ் குழு மனுஷங்க கிட்ட இருந்தே திசு எடுத்துப் பாத்து, நார் அந்தக் கோட்டு மேல செங்குத்தா வந்து சேர்றத காட்டினாங்க.

அகலம் ஏன் அவ்வளவு சின்னதுன்னு கேட்டா, செல்லோட சைஸுக்கு ஏத்த சால்ங்கிறதுதான் பதில். விரிஞ்ச ஃபைப்ரோபிளாஸ்ட் 50-ல இருந்து 100 மைக்ரான் நீளம் போகும், ஆனா ஒடுங்கின கதிர் மாதிரி இருக்கும். 10 மைக்ரான் சால்ல அது வாய்க்கால்ல படகு விட்ட மாதிரி நீளவாக்குல படுத்துக்கும். 100 மைக்ரான் சால்ல அதுக்கு அது மைதானம், சுவரு இருக்கிறதே தெரியாது. ஆழமும் முக்கியம், அகலம் அதேயா இருந்து ஆழம் கூடக்கூட வரிசையா படுக்கிறதும் கூடும்.

இந்த விஷயம் ஒண்ணும் புதுசு இல்ல. ராஸ் ஹாரிசன் 1914-லயே சிலந்தி வலை நூல்ல கருச் செல்ல விட்டு, அது நூல் புடிச்சுக்கிட்டே நடக்குறதப் பாத்தாரு. 1940-கள்ல பால் வைஸ் அதுக்கு கான்டாக்ட் கைடன்ஸ்னு பேரு வெச்சாரு. லேசரே 1960-லதான் வருது, பாத்துக்கோங்க.

தோராயமா ஒரு அளவு சொல்றேன், இத ஒட்டி உங்க டிசைன் பண்ணிக்கலாம். பல பத்து மைக்ரான் பள்ளம் எலும்பு வளந்து பூட்டிக்கிறதுக்கு. 1-ல இருந்து 20 மைக்ரான் வரைக்கும் செல்ல வரிசைப்படுத்த. ஒரு மைக்ரானுக்குக் கீழ போனா செல்லோட காலும் விரலும்னு வெச்சுக்கலாம், அதாவது ஃபிலோபோடியாங்கிற இழை, இன்டெக்ரின்ங்கிற கொக்கியோட கொத்து. ஒரே மேற்பரப்புல ரெண்டு மூணு அளவு ஒண்ணு மேல ஒண்ணா இருக்கலாம், எலும்பு உண்மையில அப்படித்தான் இருக்கு.

ஸ்டெப் 2: டிஸ்க் தயார் பண்றது

ஆராய்ச்சிக்கு கிரேடு 4 சுத்த டைட்டானியம், இல்லன்னா கிரேடு 5 அலாய், அதாவது டைட்டானியத்துல 6 சதவீதம் அலுமினியம் 4 சதவீதம் வனேடியம் கலந்தது. எதுவா இருந்தாலும் மெட்டீரியல் சர்டிபிகேட் வாங்கி வெச்சுக்கோங்க. 24 கிணறு பிளேட்டுல கிணத்தோட விட்டம் 15.6 மில்லிமீட்டர், அதனால 14 மில்லி டிஸ்க் வெட்டினா சரியா உக்காரும். எமரி பேப்பர்ல வரிசையா தேச்சு கண்ணாடி மாதிரி பாலிஷ் போடுங்க, ஏன்னா பேப்பரோட கீறலே ஒரு சால்தான், செல்லு அதையும் புடிச்சுக்கிட்டு வரிசையா நிக்கும். அப்புறம் "லேசர் வேலை செய்யுது"ன்னு நீங்க எழுதுவீங்க, உண்மையில வேலை செஞ்சது எமரி பேப்பரா இருக்கும். அசிட்டோன், எத்தனால், சுத்தத் தண்ணி, ஒவ்வொண்ணுலயும் 10 நிமிஷம் அல்ட்ராசோனிக், அவ்வளவுதான்.

ஸ்டெப் 3: எந்த லேசர்

இங்கதான் பட்ஜெட் பேசும்.

மார்க்கிங் கடையில இருக்கிற ஃபைபர் லேசர் 1064 நானோமீட்டர், பல்ஸ் சுமார் 100 நானோசெகண்ட். அந்த நேரத்துல சூடு டைட்டானியத்துக்குள்ள ரெண்டு மைக்ரான் வரைக்கும் பரவிடும். உலோகம் உருகி, தெறிச்சு, ஓரத்துல கரை மாதிரி மேடு கட்டி மறுபடி உறையும். இன்னொரு பிரச்சனை ஸ்பாட் சைஸ், 160 மில்லி லென்ஸ், உள்ள வர்ற பீம் 7 மில்லின்னா ஃபோகஸ்ல ஒரு 40 மைக்ரான்தான் கிடைக்கும். அதுல 8 மைக்ரான் சால் போடணும்னா கடப்பாரைய வெச்சு காது குத்துற மாதிரி. ஆனா எலும்பு பூட்டிக்கிற பெரிய பள்ளத்துக்கு இதுவே தாராளம், நல்லாவும் இருக்கும்.

ஃபெம்டோசெகண்ட் லேசர் வேற சாதி. முதல்ல எலக்ட்ரான் மட்டும்தான் சூடாகும், அந்த சூடு அணுக்கட்டுக்கு இறங்க சில பிக்கோசெகண்ட் ஆகும், அதுக்குள்ள பல்ஸே முடிஞ்சுபோயிருக்கும். அதனால உருகுறது ரொம்பக் கம்மி, பள்ளம் சுத்தமா வரும். இவ்வளவு குட்டிப் பல்ஸ இவ்வளவு பவரோட தர முடியுறதே டோனா ஸ்ட்ரிக்லாண்டும் ஜெரார்ட் மூரூவும் 1985-ல சொன்ன டெக்னிக்காலதான், பல்ஸ நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்குறது, 2018-ல அதுக்கு நோபல் கிடைச்சுது.

ஃபெம்டோல ஒரு போனஸ் இருக்கு. பவர ஆப்லேஷன் வாசல் (உலோகம் பேந்து பறக்க ஆரம்பிக்கிற அளவு) பக்கத்துல வெச்சு ஒரே இடத்துல சில பத்து பல்ஸ் விட்டா, நீங்க எதுவும் வரையாமலே தானா வரி வரியா அலை உருவாகும், கடற்கரை மணல்ல காத்து போடுற கோடு மாதிரி. இதுக்கு லிப்ஸ்னு (LIPSS) பேரு, 1965-லயே பிர்ன்பாம் செமிகண்டக்டர்ல பாத்தாரு. டைட்டானியத்துல 800 நானோமீட்டர் லேசர் போட்டா அலையோட இடைவெளி சுமார் 500-700 நானோமீட்டர் வரும், கோடு லேசரோட போலரைசேஷனுக்கு, அதாவது ஒளி அதிர்ற திசைக்கு, குறுக்கா ஓடும். அதனால அந்தத் திசைய மாத்துற ஹாஃப்-வேவ் பிளேட்ட திருப்பினா போதும், கோட்டோட திசையும் கூடவே திரும்பும். முதல் தடவை எஸ்இஎம்ல (ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) அதப் பாத்தப்ப நான் அரை மணி நேரம் வேற வேலையே பாக்கல.

ரெண்டுக்கும் நடுவுல 1-ல இருந்து 20 மைக்ரான் வேணுமா, ரெண்டு பீம மோதவிட்டு வர்ற இன்டர்ஃபெரன்ஸ் கோட்டாலயே செதுக்கலாம். கணக்கு ரொம்ப ஈஸி: அலைநீளத்த, பீமுக்கு நடுவுல இருக்கிற கோணத்துல பாதியோட சைன் மதிப்ப ரெண்டால பெருக்கி அதால வகுக்கணும். 532 நானோமீட்டர் பச்சை லேசர்ல 5 மைக்ரான் கோடு வேணும்னா கோணம் சுமார் 6 டிகிரி, 10 மைக்ரான்னா 3 டிகிரி. ஒவ்வொரு கோடா ஓட்ட வேணாம், ஒரே ஷாட்ல பரப்பு பூரா வரும், ஃபேக்டரிக்குப் போற அளவுக்கு வேகமான முறை இதுதான்னு என் அபிப்ராயம்.

ஸ்டெப் 4: கணக்கு போடாம பட்டன அழுத்தாதீங்க

பேப்பர்ல எல்லாம் "பவர் 5 வாட், வேகம் 500"ன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க, அத வெச்சு இன்னொரு லேப்ல ஒண்ணும் பண்ண முடியாது. ஸ்பாட் சைஸ் தெரியாம பவர் சொல்றது, பாத்திரம் எவ்வளவுன்னு சொல்லாம அரிசிக்கு தண்ணி சொல்ற மாதிரி. வேண்டியது ஃப்ளூயன்ஸ், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டர்ல விழுற எனர்ஜி.

ஒரு உதாரணம் போட்டுப் பாப்போம். ஸ்பாட் விட்டம் 30 மைக்ரான், பல்ஸ் எனர்ஜி 2 மைக்ரோஜூல். எனர்ஜிய ரெண்டால பெருக்கி ஸ்பாட் பரப்பால வகுத்தா உச்சத்துல ஃப்ளூயன்ஸ் சதுர சென்டிமீட்டருக்கு 0.57 ஜூல். ரெண்டால பெருக்குறது ஏன்னா பீம் காஸியன் வடிவம், நடுவுல சராசரிய விட ரெட்டிப்பு இருக்கும். பல்ஸ் வேகம் 100 கிலோஹெர்ட்ஸ், ஸ்கேனர் வேகம் நொடிக்கு 500 மில்லின்னா ஒரு பல்ஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 5 மைக்ரான், அதாவது ஒரு கோட்டுல ஒரு புள்ளி மேல 6 பல்ஸ் விழும். கோட்டுக்குக் கோடு 5 மைக்ரான் இடைவெளின்னா மொத்தமா ஒரு இடத்துக்கு சுமார் 28 பல்ஸ். 10 மில்லி சதுரத்துக்கு 2000 கோடு, 20 மீட்டர் ஓட்டம், திரும்புற நேரம் போக 40 நொடி. இந்த எல்லா நம்பரையும் நோட்ல எழுதுங்க.

ஸ்பாட் சைஸ எப்படி நம்புறதுன்னா, எனர்ஜிய படிப்படியா கூட்டிக்கிட்டே ஒத்தை ஒத்தை பல்ஸா போட்டு ஒவ்வொரு பள்ளத்தோட விட்டத்த அளங்க, விட்டத்தோட வர்க்கத்தையும் எனர்ஜியோட லாகரிதத்தையும் கிராஃப் போட்டா நேர்கோடு வரும், சாய்வு ஸ்பாட் சைஸ் தரும், கோடு அச்சத் தொடுற இடம் ஆப்லேஷன் வாசல் தரும். ஒரு மதிய வேலை, அப்புறம் வருஷம் பூரா நிம்மதி.

காத்துல போட்டா ஆக்ஸிஜனும் நைட்ரஜனும் சேந்துக்கும், ஆர்கான் ஊதிப் போட்டா வேற கெமிஸ்ட்ரி. மஞ்சள், ஊதா, நீலம்னு கலர் வந்தா அது சாயம் கிடையாது, ஆக்ஸைடு தடிமன் மாறுறதால வர்ற ஒளி விளையாட்டு. பாக்க அழகா இருக்கும், ஆனா ஒரே டிஸ்க்ல ரெண்டு கலர் இருந்தா ஒரே டிஸ்க்ல ரெண்டு மேற்பரப்பு இருக்குன்னு அர்த்தம்.

ஸ்டெப் 5: லேசருக்கும் செல்லுக்கும் நடுவுல இருக்கிற நாட்கள்

என் ஆறு மாசம் போன இடம் இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

முதல் பேட்ச் டிஸ்க்க லேசர் போட்ட மறுநாளே செல்லு விட்டோம், அருமையா விரிஞ்சுது, கைடு சார் வரைக்கும் சந்தோஷம். ரெண்டாவது பேட்ச் அதே பாராமீட்டர், ஆனா அப்ப இன்குபேட்டர்ல ஃபங்கஸ் வந்து எல்லாத்தையும் சுத்தம் பண்ணி புதுசா செல்லு எடுக்க மூணு வாரம் ஆயிடுச்சு, டிஸ்க் டப்பாவுல தூங்குச்சு. விட்டுப் பாத்தா செல்லு பாதி கூட ஒட்டல, ஒட்டினதும் உருண்டையா நிக்குது. லேசர் பவர் இறங்கிடுச்சுன்னு சண்டை, செல்லு பாஸேஜ் (எத்தனை தடவை பிரிச்சு வளத்தோம்ங்கிற கணக்கு) ஏறிடுச்சுன்னு சண்டை, மறுபடி மறுபடி பண்ணி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ரிசல்ட். கடைசியா எங்க லேப்ல ஒருத்தி சும்மா ஒரு சொட்டு தண்ணிய பழைய டிஸ்க் மேல வெச்சா. முத்து மாதிரி உருண்டு நின்னுச்சு. புது டிஸ்க்ல அதே சொட்டு விழுந்த உடனே பரந்து காணாமப் போச்சு.

விஷயம் இதுதான். புதுசா லேசர் போட்ட டைட்டானியம் தண்ணிய உறிஞ்சுற மாதிரி இழுக்கும், கான்டாக்ட் ஆங்கிள், அதாவது சொட்டோட ஓரம் மேற்பரப்போட சேர்ற கோணம், கிட்டத்தட்ட பூஜ்ஜியம். ஆனா அந்த ஆக்ஸைடுக்கு பசி அதிகம், காத்துல இருக்கிற ஹைட்ரோகார்பன புடிச்சு மேல போத்திக்கும், சில வாரத்துல ஆங்கிள் 90-அ தாண்டிடும். மேடுபள்ளம் அந்த குணத்த இன்னும் பெருசாக் காட்டும், நனையிறது நல்லா நனையும், நனையாதது சுத்தமா நனையாது. பள்ளத்துக்குள்ள காத்து மாட்டிக்கிட்டா புரோட்டீன் உள்ள போகவே போகாது, நீங்க கஷ்டப்பட்டு செதுக்கின சால் செல்லுக்கு இல்லாத மாதிரிதான்.

என்ன பண்ணலாம்? லேசர் போட்ட தேதிய டப்பா மேல எழுதுங்க, எல்லா டிஸ்க்கையும் ஒரே வயசுல பயன்படுத்துங்க. முடிஞ்சா செல்லு விடுறதுக்கு முன்னாடி யுவி இல்ல ஆக்ஸிஜன் பிளாஸ்மா காட்டுங்க, கார்பன் போயிடும். ஆட்டோகிளேவும் மேற்பரப்ப மாத்தும்ங்கிறதால கன்ட்ரோல் டிஸ்க்கையும் அதே சைக்கிள்ல போடுங்க. இம்ப்ளான்ட் கம்பெனிங்களுக்கும் இந்தத் தலைவலி தெரியும், ஸ்ட்ராமன் தன்னோட எஸ்எல்ஆக்டிவ் இம்ப்ளான்ட்ட உப்புத் தண்ணிக்குள்ளயே வெச்சு சீல் பண்ணி விக்கிறது இதுக்காகத்தான்.

அப்புறம் தூசி. ஆப்லேஷன்ல பறந்த நானோ துகள் எல்லாம் திரும்ப மேலயே உக்காரும், செல்லு அத விழுங்கும். அல்ட்ராசோனிக் கழுவலத் தவிர்க்காதீங்க.

ஸ்டெப் 6: அளக்குறது

எஸ்இஎம் படம் அழகுக்கு, நம்பருக்கு கான்ஃபோக்கல் இல்ல வெள்ளை ஒளி இன்டர்ஃபெரோமீட்டர், நானோ அலைக்கு ஏஎஃப்எம், கெமிஸ்ட்ரிக்கு எக்ஸ்பிஎஸ். எல்லாரும் எஸ்ஏ மட்டும் போடுவாங்க, அதாவது சராசரி சொரசொரப்பு. எலும்புக்கு 1-ல இருந்து 2 மைக்ரான் எஸ்ஏ நல்லதுன்னு வென்னர்பெர்க்கும் ஆல்ப்ரெக்ட்சனும் நிறைய எழுதியிருக்காங்க, அது சரிதான். ஆனா நேர் நேரா ஓடுற சாலுக்கும் கண்டபடி கொத்தின பள்ளத்துக்கும் ஒரே எஸ்ஏ வரும், செல்லோ ரெண்டுலயும் வேற வேற மாதிரி நடந்துக்கும். அதனால ஐஎஸ்ஓ 25178-ல இருந்து இன்னும் ரெண்டு எடுத்துக்கோங்க: பரப்பு எவ்வளவு கூடுச்சுன்னு சொல்ற எஸ்டிஆர் (Sdr), திசை இருக்கா இல்லையான்னு சொல்ற டெக்ஸ்சர் விகிதம் எஸ்டிஆர் (Str), இந்த ரெண்டாவது பூஜ்ஜியம் பக்கம்னா சால், 1 பக்கம்னா திசையில்லாதது. தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒரே மாதிரி வருது, அதனால சாஃப்ட்வேர்ல பாத்து சரியானத கிளிக் பண்ணுங்க.

ஸ்டெப் 7: ஒட்டும்போது என்னதான் நடக்குது

டிஸ்க்க மீடியத்துல போட்ட நொடியில இருந்து வரிசையாப் பாக்கலாம்.

முதல்ல தண்ணியும் அயனியும், கண் சிமிட்டுறதுக்குள்ள. அடுத்த சில நொடியில புரோட்டீன். இங்க கல்யாணப் பந்தி மாதிரி நடக்கும், கூட்டமா சுறுசுறுப்பா இருக்கிற ஆல்புமின் ஓடி வந்து முதல் பந்தியில இடம் புடிக்கும், ஆனா செல்லுக்கு அதால பிரயோஜனம் இல்ல. கொஞ்ச நேரத்துல மெதுவா வர்ற, ஆனா மேற்பரப்ப கெட்டியா பிடிக்கிற ஃபைப்ரோனெக்டின், ஃபைப்ரினோஜன் எல்லாம் வந்து ஆல்புமின எழுப்பிவிட்டு தான் உக்காரும். இதுக்கு வ்ரோமன் எஃபெக்ட்னு பேரு. மேற்பரப்பு நனையாததா இருந்தா முதல்ல வந்தது உருக்குலைஞ்சு ஒட்டிக்கிட்டு எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. ஸ்டெப் 5-ல எங்க பழைய டிஸ்க்ல பெரும்பாலும் நடந்தது இதுதான்.

அப்புறம் செல்லு. கீழ விழும்போது உருண்டையா இருக்கும். இழை மாதிரி ஃபிலோபோடியாவ நீட்டி தடவிப் பாக்கும், கண்ணு தெரியாதவங்க குச்சியால தட்டிப் பாக்குற மாதிரி. அந்த இழை ஒரு மைக்ரானுக்கும் ரொம்பக் கீழ, 0.1-0.3 மைக்ரான் தடிமன்தான், அதனாலதான் லிப்ஸ் அலைய அது உணர முடியுது. செல்லோட தோல்ல இருக்கிற இன்டெக்ரின்ங்கிற கொக்கி ஃபைப்ரோனெக்டின்ல ஒரு குறிப்பிட்ட மூணு அமினோ அமிலத்த தேடும், ஆர்ஜினின்-கிளைசின்-அஸ்பார்டிக், 1984-ல ரூஸ்லாட்டியும் பியர்ஷ்பாக்கரும் கண்டுபிடிச்சது. ஒரு கொக்கி மாட்டினா போதாது, பக்கத்துல பக்கத்துல நிறைய மாட்டணும். ஜெர்மனியில யோஆகிம் ஸ்பாட்ஸ் குழு 2004-ல தங்கப் புள்ளி வெச்சு பாத்தாங்க, புள்ளி இடைவெளி 58 நானோமீட்டர்னா செல்லு ஒட்டுது, 73-க்குப் போனா தடுமாறுது. 15 நானோமீட்டர் வித்தியாசம், அவ்வளவுதான் அதோட பொறுமை.

கொக்கி கூட்டம் சேந்ததும் உள்பக்கம் டாலின், வின்குலின், பாக்ஸிலின்னு வரிசையா வந்து கட்டி ஒரு ஃபோகல் அட்ஹீஷன் உருவாகும், சில மைக்ரான் நீளமான ஒரு நங்கூரம். அதுல இருந்து ஆக்டின் கயிறு இழுக்கும். சாலோட மேட்டு விளிம்புல நங்கூரம் நீளவாக்குல வளர இடம் இருக்கு, குறுக்கா இடம் இல்ல, அதனால கயிறும் நீளவாக்குல, செல்லும் நீளவாக்குல, உள்ள இருக்கிற நியூக்ளியஸும் அதே திசையில நீளும். அந்த இழுவிசை நியூக்ளியஸ் வரைக்கும் போய் எந்த ஜீன் ஓடணும்ங்கிறதையே மாத்தும், யாப்-டாஸ்னு ரெண்டு புரோட்டீன் அந்தச் செய்தி கொண்டு போறதுல முக்கியமான ஆளுங்க.

ஒழுங்குதான் நல்லதுன்னு நெனைக்காதீங்க. 2007-ல மேத்யூ டால்பி குழு 120 நானோமீட்டர் குழிங்கள பாலிமர்ல வரிசையா ஒண்ணு, அதே குழிங்கள 50 நானோமீட்டர் வரைக்கும் அங்க இங்க தள்ளி ஒண்ணு போட்டாங்க. எலும்பா மாத்துற ரசாயனம் எதுவும் சேக்காமலே ஸ்டெம் செல்லு எலும்புப் பக்கம் போனது அந்த கலைஞ்ச வரிசையிலதான். புள்ளிக் கோலத்துல புள்ளி கொஞ்சம் தள்ளித் தள்ளி விழுந்த மாதிரி. லேசர் ஆளுங்களுக்கு இது நல்ல செய்தி, நம்ம லிப்ஸும் அப்படி ஒண்ணும் நேரா இருக்காது.

ஸ்டெப் 8: செல்லு விடுறதும் எண்ணுறதும்

எலும்புக்கு எம்சி3டி3, சாஓஸ்-2 மாதிரி செல் லைன்ல ஆரம்பிக்கலாம், ஆனா சாஓஸ்-2 கேன்சர்ல இருந்து வந்தது, அது ஒட்டுறது எல்லாம் நல்லா ஒட்டும், அத வெச்சு பெருசா பேச முடியாது. ஸ்டெம் செல்லும், ஈறுக்கு நேரா எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்டும் நம்பகம். சதுர சென்டிமீட்டருக்கு 10,000 செல்லு, 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. 1 மணி, 4 மணி, 24 மணி, 3-ம் நாள், 7-ம் நாள்னு பாருங்க.

கொஞ்சம் செல்லு டிஸ்க்ல விழாம ஓரத்துல பிளாஸ்டிக்ல ஒட்டியிருக்கும், அதனால அளக்குறதுக்கு முன்னாடி டிஸ்க்க புதுக் கிணத்துக்கு மாத்துங்க, இத மறந்து பிளாஸ்டிக்க அளந்த தீசிஸ் உலகத்துல எத்தனையோ. டைட்டானியம் ஒளி விடாது, அதனால சாதாரண இன்வர்ட்டட் மைக்ராஸ்கோப்ல கீழ இருந்து ஒண்ணும் தெரியாது. ஃபிக்ஸ் பண்ணி நியூக்ளியஸுக்கு டாப்பி, ஆக்டினுக்கு ஃபல்லாய்டின், வின்குலினுக்கு ஆன்டிபாடி போட்டு மேல இருந்து பாக்கணும், இல்ல டிஸ்க்க கவுத்துப் போடணும்.

வரிசைய நம்பரா சொல்ல, ஒவ்வொரு நியூக்ளியஸும் சாலோட எத்தனை டிகிரி சாஞ்சிருக்குன்னு அளந்து 10 டிகிரிக்குள்ள எத்தனை பேருன்னு எண்ணுங்க. எந்த வரிசையும் இல்லன்னாலே 11 சதவீதம் தற்செயலா வரும், அதுக்கு மேல இருந்தாத்தான் பேச்சு.

கன்ட்ரோல் ரொம்ப முக்கியம். பாலிஷ் டிஸ்க் ஒண்ணு, மணல்-ஆசிட் டிஸ்க் ஒண்ணு. வடிவமா கெமிஸ்ட்ரியான்னு பிரிக்கணும்னா எல்லா டிஸ்க் மேலயும் மெல்லிசா ஒரே டைட்டானியம் ஸ்பட்டர் பண்ணிடுங்க, அப்ப கெமிஸ்ட்ரி எல்லாத்துக்கும் ஒண்ணு, வடிவம் மட்டும்தான் வேற. 21-ம் நாள் அலிசரின் ரெட்ல கால்சியம் பாக்கும்போது செல்லு இல்லாத டிஸ்க்கையும் சாயத்துல முக்குங்க, பள்ளத்துல சாயம் சும்மாவே தங்கும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல எண்ண வேண்டியது டிஸ்க்க, செல்ல கிடையாது, மூணு டிஸ்க்ல 600 செல்லு எண்ணினா உங்க சாம்பிள் எண்ணிக்கை (n) 3-தான், 600 ஆகாது.

ஸ்டெப் 9: டிஷ்ஷ விட்டு வெளிய வந்தா

டிஷ்ல செல்லு தனியா வருது, உடம்புல பாக்டீரியாவும் கூட வருது. அந்தோணி கிறிஸ்டினா 1987-ல இத மேற்பரப்புக்கான ஓட்டப் பந்தயம்னு சொன்னாரு. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஒரு மைக்ரான் பக்கம் இருக்கிற உருண்டை. 10 மைக்ரான் சால் அதுக்கு ஒளிஞ்சுக்க நல்ல இடம், ஆனா அதோட உடம்ப விட சின்னதான லிப்ஸ் அலை மேல அதுக்கு உக்கார இடம் கம்மி. அதனால சால் மேல லிப்ஸ்ங்கிற ரெண்டடுக்கு டிசைன் எனக்குப் பிடிக்கும்.

அடுத்தது உலோகத்தோட ஆயுசு. ஒவ்வொரு சாலும் ஒரு வெட்டு மாதிரிதான், கிரேடு 5 அலாய் வெட்டுப் பட்டா ஃபெடீக்ல, அதாவது திரும்பத் திரும்ப சுமை ஏறி இறங்குறதுல, சீக்கிரம் உடையும். நானோசெகண்ட்ல உருகி உறைஞ்ச தோல்ல மைக்ரோ விரிசல் வேற இருக்கும். அதனால அழுத்தம் அதிகம் வாங்குற இடத்த விட்டுட்டு லேசர் போடுறது புத்திசாலித்தனம். ஸ்வீடன்ல வந்த பயோஹெலிக்ஸ் மேற்பரப்புல மரையோட பள்ளத்துல மட்டும் லேசர், மத்தது கடைஞ்சபடியே விட்டுட்டாங்க. இன்டெக்ரம் கம்பெனியோட ஓப்ரா சிஸ்டம்லயும் இந்த மேற்பரப்புதான், தொடைக்கு மேல கால் எடுத்தவங்களுக்கு சாக்கெட் இல்லாம நேரா எலும்புல செயற்கைக் கால் மாட்டுறது, அமெரிக்க எஃப்டிஏ 2020 டிசம்பர்ல முழு அனுமதி குடுத்தாங்க. நடக்கும்போது ஒரு மனுஷனோட மொத்த எடையும் அந்த ஒட்டு மேலதான்.

கடைசியா, செல்லு ஒட்டவே கூடாத இம்ப்ளான்ட்டும் இருக்கு. எலும்பு முறிவுக்குப் போட்டு ஆறினதும் கழட்டுற பிளேட்டு, ஸ்க்ரூ எல்லாம். அதுல எலும்பு நல்லா ஒட்டிக்கிட்டா கழட்டும்போது டாக்டர் உளி எடுக்கணும். ஆஸ்திரியாவுல லின்ஸ் நகரத்து யோஹான்னஸ் கெப்ளர் யுனிவர்சிட்டியில யோஹான்னஸ் ஹைட்ஸ் குழு அதே டைட்டானியம், அதே ஃபெம்டோ லேசர எடுத்து கூரான மேடுங்களா செதுக்கி, மேல அனோடைஸ் பண்ணிப் பாத்தாங்க, செல்லு ஒட்டுறது நல்லாவே குறைஞ்சுது. உங்க கைடு அடுத்த தடவை "செல்லு ஒட்டலயே, பாராமீட்டர் தப்பு"ன்னு சொன்னா, அந்த டிஸ்க்க தூக்கிப் போடாம தேதியோட பாராமீட்டரோட ஒரு டப்பாவுல போட்டு வைங்க, வேற ஒரு ப்ராஜெக்ட்டுக்கு அதுதான் தேவைப்படும்.